வலை போடாத சாணம்

என் பேரில் அச்சில் வந்தது ஒரே ஒரு கட்டுரைதான். இரண்டு பக்கம். அதுவும் தவறு. எழுத்துப் பிழை, கூட்டல் பிழை மாதிரி இல்லை, அடிப்படையே தவறு. பிறகு அதே விஷயத்தைச் சரியாகச் செய்து, டைப் அடித்து, சிவப்பு அட்டை போட்டுக் கொடுத்த ஆய்வேடு கல்லூரி நூலகத்தில் தூங்குகிறது. அதை யாரும் எடுத்துப் பிரித்ததாக இதுவரை தெரியவில்லை. தவறு மட்டும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, பன்னிரண்டு வருடம் கழித்து என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே வந்து உட்கார்ந்தது. அந்தக் கடுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புனேயில் வானவடிப் பக்கம் ராணுவக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா சுபேதார், அலுவலக வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் விலங்கியலில் எம்.ஃபில். சேர்ந்திருந்தேன். அடுத்த வருடம் அப்பா ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் நான் முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் பாதியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். பாதியில் நின்றுபோன படிப்பை ஊரில் போய் யாரும் தொடர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கல்யாணம்தான் நடக்கும்.

நான் எடுத்த தலைப்பு சாண வண்டு. அம்மா அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லவே மாட்டாள். போனில் யாராவது கேட்டால், "ஏதோ மண்ணு சம்பந்தமாப் படிக்கா" என்பாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் பீயுருட்டி வண்டு என்றா சொல்ல முடியும் என்பது அவள் கவலை. எனக்கோ அந்த வண்டின் மேல் ஒரு மரியாதை இருந்தது. மாடு மேய்ந்துவிட்டுப் போட்ட சாணம் தரையிலேயே கிடந்து காய்ந்தால் அதிலிருக்கும் சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். ஈ முட்டையிடும். அடியில் இருக்கும் புல் மூச்சு முட்டிச் செத்துப்போகும். வண்டு வந்தால்தான் கதை மாறும். உருட்டிக்கொண்டு போகிற வண்டு உண்டு, நேர் கீழே சுரங்கம் போட்டு இறக்குகிற வண்டு உண்டு, சாணத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற வண்டும் உண்டு. மூன்றும் சேர்ந்து, புல்லிலிருந்து மாட்டுக்குப் போனதை மறுபடியும் புல்லின் வேருக்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கூலி கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை.

என் சோதனை எளிமையானது. ஒரு பிளாஸ்டிக் மக்கில் அளந்து, புதுச் சாணத்தை இருபது குவியலாகத் தரையில் வைக்க வேண்டும். பத்துக் குவியலின் மேல் ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலைக் கம்பியைக் கவிழ்த்து, விளிம்பை மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். அதற்குள் வண்டு போக முடியாது. மற்ற பத்தும் திறந்தபடி கிடக்கும். எது எவ்வளவு வேகத்தில் மண்ணுக்குள் போகிறது, அந்த இடத்தில் பிறகு புல் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

சாணம், பக்கத்து எருமைத் தொழுவத்தில் கிடைத்தது. இரண்டு வாளி நிறைய வாங்கி, லூனா மொபெட்டின் முன்னாலும் பின்னாலும் வைத்துக்கொண்டு வருவேன். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருப்பேன். புனேயில் வண்டி ஓட்டுகிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சுற்றியிருப்பார்கள் என்பதால் என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. அது ஒன்றுதான் அம்மாவுக்கு நிம்மதி.

"ஏட்டி, அந்த வாளிய வாசல்லயே வச்சிட்டு வா. உள்ள கொண்டாந்தேன்னா பாத்துக்கோ."

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே கேட்பார். "சாணி அள்ளுததுக்கா உன்னைய இவ்வளவு படிக்க வச்சேன்?"

கேட்டாலும், சோதனைக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பெரிய புல்வெளி. ராணுவ நிலம். சுற்றிலும் முள்கம்பி வேலி, வாசலில் சென்ட்ரி, சாலையைப் பார்த்து மூன்று மொழியில் போர்டு: அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது, மீறினால் தண்டனை. அப்பா யார் யாரிடமோ பேசி எனக்கு அனுமதிக் கடிதம் வாங்கித் தந்தார். காலை ஒன்பது மணிக்கு மேல், மாலை ஐந்துக்குள். என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தேன்: மனித நடமாட்டம் இல்லாத இடம்.

இப்போது அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் நான் பட்டாளத்து வீட்டுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து போர்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவள். இங்கே நில் என்றால் நிற்பார்கள், இங்கே வராதே என்றால் வரமாட்டார்கள். போர்டு போட்டுவிட்டால் போட்டதுதான். உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது என்று இருபத்து மூன்று வயது வரை நம்பியிருந்தேன்.

பிப்ரவரியில் முதல் முறை குவியல்களை வைத்தேன். மறுநாள் ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால், வலைக்குள் இருந்த பத்தும் வைத்தது வைத்தபடி. திறந்து கிடந்த பத்தும் இல்லை. தரையில் ஈரமான வட்டம் மட்டும் இருந்தது. நான் அங்கேயே குதித்தேன். புத்தகங்களில் வண்டைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன். இப்படி ஒரே இரவில் பத்தையும் துடைத்து எடுத்தது என்று படித்ததில்லை. அடுத்த வாரம் மறுபடியும் வைத்தேன். மறுபடியும் அதேதான். அன்றைக்கு லூனாவை நேராகக் கேம்ப் கடைவீதிக்கு விட்டு, ஒரு பேக்கரியில் நின்று தனியாக இரண்டு கிரீம் ரோல் தின்றேன்.

வண்டு ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. இரவில் வேலையை முடித்துவிட்டு மண்ணுக்குள் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது. சுரங்கம் போடுகிற வண்டு மண்ணை மேலே தள்ளும். சாணத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மண் குவியல் இருக்க வேண்டும். தரையோ மாசி வெயிலில் கல்லாக இறுகிக் கிடந்தது, ஒரு பிடி மண்கூடப் புரளவில்லை. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் எழுந்து வந்தேன். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனாலும் இன்றுவரை என் மேல் எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

என் வழிகாட்டியை நான் சார் என்றே சொல்கிறேன். மராத்திக்காரர், நல்லவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். முடிவைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த இயற்கை ஆர்வலர்கள் சிலர் மராத்தியில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார்கள். அதற்கு உடனே இரண்டு பக்கம் எழுதச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் எழுதினேன், அவர் மராத்தியில் மாற்றினார். ஏப்ரல் இதழில் என் பெயரோடு வந்தது. அதில் ஒரு வரி, தடித்த எழுத்தில்: 'வறண்ட கோடையிலும் சாண வண்டுகள் ஒரே இரவில் சாணம் முழுவதையும் மண்ணுக்குள் கொண்டு சேர்த்துவிடுகின்றன.' அப்பா அந்த இதழை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டினார். அம்மாகூட ஊருக்குப் போன் பண்ணி, "புஸ்தகத்துல பேரு வந்துருக்கு" என்றாள். எந்த விஷயமாக என்று மட்டும் சொல்லவில்லை.

மே மாதம் கடைசிச் சுற்று வைத்தேன். மறுநாள் போனால், ஒன்பது குவியல் இல்லை, பத்தாவது பாதி இருந்தது. பாதியாவது கிடைத்ததே, வண்டு கையும் களவுமாகச் சிக்கும் என்று ஆசையாகக் குனிந்தேன். மீதியிருந்த சாணத்தில் ஐந்து விரல் தடம். கட்டை விரல் ஒரு பக்கம், நாலு விரல் ஒரு பக்கம், வழித்தெடுத்த வாக்கில் அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது.

அங்கேயே வெயிலில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாத வேலை, அச்சில் வந்த பெயர், அப்பாவின் பெருமை, கிரீம் ரோல் எல்லாவற்றையும் அந்த விரல்கள் சேர்த்து வழித்துவிட்டிருந்தன.

நாலு நாள் கழித்து மறுபடியும் சாணம் வைத்தேன். மறுநாள் காலை சென்ட்ரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, விடிந்ததும் உள்ளே போய் ஒரு கருவேல மரத்தடியில் நின்றேன். ஆறு மணி இருக்கும். மைதானத்தின் அந்தக் கோடியில், வேலியில் கம்பி அறுந்த இடத்தில் முதலில் ஒரு கூடை உள்ளே வந்தது. பின்னாலேயே ஒரு பெண் குனிந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். நேராக என் குவியல்களுக்கு வந்து, முதல் குவியலை இரண்டு கையாலும் வழித்துக் கூடையில் போட்டாள். பிறகு அடுத்தது. அவ்வளவு சுத்தமாக எடுத்தாள். வலை போட்ட குவியல்களைத் தாண்டித் தாண்டிப் போனாள்.

நான் கத்திக்கொண்டே ஓடினேன். எனக்குக் கோபம் வந்தால் ஹிந்திதான் வரும். அவள் மராத்தியில் பேசினாள். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

"ஏன் தாயி கத்துறீங்க? இது உங்களோடதா?" மராத்தியில் அக்கா என்பதற்குத்தான் தாயி. வயது ஒன்றாக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பின்ன யாரோடது? நாலு மாசமா நீதான் எடுக்கிறியா?"

"ஆமா. சுள்ளி பொறுக்க வருவேன். சாணி கிடந்துச்சு, எடுத்தேன். வலை போட்டதை நான் தொடவே இல்லையே. வலை போட்டா அது யாரோ ஒருத்தரோடதுன்னு தெரியாதா? சும்மா கிடந்ததைத்தான் எடுத்தேன். நான் திருடி இல்லை."

"வெளியே போர்டு இருக்கே, பாக்கலையா?"

"போர்டு ரோட்டுப் பக்கம்ல இருக்கு. நான் இந்தப் பக்கமா வர்றேன்."

 அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள். "மாடே வராத இடத்துல வரிசையா சாணி வச்சிருக்கீங்களே, ஏதாவது வேண்டுதலா?"

"வண்டுக்கு வச்சேன்."

"வண்டுக்கா?" அவள் சிரித்த சிரிப்பு அந்த மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். "இந்த வெயில்ல எந்த வண்டு தாயி வரும்? அது மழைக்குத்தான் வரும். மழைல நான் வரமாட்டேன், வரட்டி காயாது. அப்ப வைங்க, உங்க வண்டே தின்னட்டும். இப்ப விடுங்க, எனக்கு அடுப்புக்கு வேணும்."

விஷயம் இவ்வளவுதான். அவள் சாணத்தை வீட்டுச் சுவரில் வரட்டியாகத் தட்டிக் காயவைத்து எரிக்கிறாள். சாம்பலை என்ன செய்கிறாளோ, அதைக்கூட நான் கேட்கவில்லை. வெயில் காலத்துச் சாணம் அவளுக்கு, மழைக் காலத்துச் சாணம் வண்டுக்கு என்று அந்தப் பக்கத்தில் எப்போதோ பாகம் பிரித்தாகிவிட்டது. யாருக்கும் தகராறு இல்லை. நடுவில் கொசுவலையும் நோட்டுமாக வந்து, அவள் செய்த வேலையை வண்டின் பேரில் எழுதி அச்சடித்தது நான்தான். எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர். வரட்டியை நான் ஊருக்குப் போகும்போது ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை விட்டுவிடு," என்றார் ஆங்கிலத்தில். "கட்டுரை வந்தாயிற்று. ஆய்வேட்டையும் அப்படியே கொடு. யார் வந்து கேட்கப் போகிறார்கள்?"

"நான் கேட்பேனே சார்," என்றேன். தைரியமெல்லாம் இல்லை. அழுகை வருகிற நேரத்தில் வந்த வார்த்தை. அவருக்கும் என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அக்டோபர் வரை தவணை எழுதிக் கொடுத்தார். அப்பா ஓய்வு பெறுவது ஆகஸ்டில்.

வீட்டில் அதைச் சொன்னபோது அப்பாவின் கோபம் நான் நினைத்த பக்கம் போகவில்லை. தவணை, குவார்ட்டர்ஸ், ரயில் டிக்கெட் எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"வேலிக்குள்ள வந்தாளா? போர்டு போட்டுருக்குல்லா? கம்பி அறுந்து கெடக்குன்னு ஒரு பயலும் பாக்கலியா? நாளைக்கே சொல்லுதேன்."

அவர் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் மழையில் வரப்போவதில்லை, என் சோதனைக்கு இனி அவளால் இடைஞ்சல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குள் ஒரு கடுப்பு இருந்தது. நாலு மாதத்தைத் தின்றவள், போதாக்குறைக்குச் சிரித்தவள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரே வாரத்தில் அந்த இடத்தில் புதுக் கம்பி மின்னியது, இரண்டு வரிசைக்கு மூன்று வரிசையாக. இந்தப் பக்கத்தைப் பார்த்தும் ஒரு போர்டு வைத்தார்கள். அவளை நான் பிறகு பார்க்கவே இல்லை.

ஜூனில் மழை பிடித்தது. முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்த மாலையில் குவியல்களை வைத்தேன். மக்கைக் கழுவி முடிப்பதற்குள் தலைக்கு மேல் ரீங்காரம் கேட்டது. தொப், தொப்பென்று வந்து விழுந்தன. மிளகு அளவில் சிலது, பெரிய நெல்லிக்காய் அளவில் கன்னங்கரேலென்று சிலது. விழுந்த வேகத்தில் மல்லாந்து, காலை உதறிப் புரண்டு, நேராகச் சாணத்துக்குள். மிச்சத் தூறலுக்கு அப்பா குடை பிடித்தபடி நின்றிருந்தார். எனக்காக இல்லை, நோட்டு நனையக் கூடாது என்று. ஒரு பெரிய வண்டு தன்னைவிடப் பெரிய மண்கட்டியைத் தலையால் முட்டித் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, "எம்மாடி, பாரம் தூக்குத லட்சணத்தப் பாரு," என்றார். அதற்குப் பிறகு சாணி அள்ளுவது பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் காலை பத்துக் குவியலும் அப்படியே இருந்தன. ஆமாம், இருந்தன. நிஜமாக வண்டு வேலை செய்த சாணம் இரவோடு இரவாக மாயமாக மறைவதில்லை. மேலே சல்லடையாக ஓட்டை, சுற்றிலும் புது மண் குவியல், உள்ளே கையை விட்டால் பஞ்சு. நாலைந்து நாளில் சக்கை மட்டும் மிஞ்சியது. அதுவும் மழையில் கரைந்து போனது. வலைக்குள் இருந்தவையோ ஊறிப்போய், மூடுவதற்கு முன்பே ஈ இட்டுவிட்ட முட்டையிலிருந்து புழு நெளிந்து, காளான் முளைத்து, செப்டம்பர் வரை அசையாமல் கிடந்தன. வலையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் புல் வெளுத்துச் செத்திருந்தது. திறந்த குவியல் இருந்த இடத்தில் புல் கருகருவென்று என் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. சத்து எங்கே போனது என்று காட்ட எந்தச் சோதனைக்கூடமும் தேவைப்படவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு மாதம் குவார்ட்டர்ஸில் இருக்க அப்பா அனுமதி வாங்கினார். அக்டோபரில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். விரல் தடம் உட்பட எல்லாவற்றையும் ஒரு அத்தியாயமாக எழுதியிருந்தேன். 'இது தேவையா?' என்று தேர்வாளர் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதினார். ஆனாலும் பட்டம் கொடுத்தார்கள். பத்திரிகைக்குத் திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதினேன். இரண்டாவது கடிதமும் எழுதினேன். வாசகர்கள் அந்தக் கட்டுரையை மிகவும் ரசித்தார்கள், மீண்டும் எழுதுங்கள் என்று பதில் வந்தது.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், புனேயிலேயே மென்பொருள் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, அவர் அலுவலகம் இருந்த ஹிஞ்சவடிக்குப் பக்கம் என்று வாகட்டில் வீடு வாங்கினோம். நான் ஒரு ஜூனியர் காலேஜில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் பாடம் எடுத்தேன். அபார்ட்மென்ட்டுகளுக்கு நடுவில் இன்னும் கட்டாமல் விட்ட மனைகளில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்த காலம் அது.

மகள் ஐந்தாவது படிக்கும்போது, ஒரு ஜூலை மாதம் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவுமாக மேஜையை நிரப்பிக்கொண்டிருந்தாள். பள்ளியில் சுற்றுச்சூழல் ப்ராஜெக்ட். தலைப்பு, மண்ணின் நண்பர்கள். பள்ளியிலேயே ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். சும்மா எட்டிப் பார்த்தேன். வறண்ட கோடையிலும் சாண வண்டுகள் ஒரே இரவில் சாணம் முழுவதையும் மண்ணுக்குள் கொண்டு சேர்த்துவிடுகின்றன.

என் வரி. மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பியிருந்தது. என் பெயர் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்திருந்தது.

"இது தப்புடி," என்றேன்.

"புக்ல அப்படித்தான் இருக்கும்மா."

"புக் தப்பு."

"டீச்சர் சொன்னாங்க கி புக்ல இருக்கிறதையே எழுதணும். நீ எப்பவும் இப்படித்தான், எல்லாத்துலயும் மிஸ்டேக் சொல்லுவ." அவள் தமிழில் பாதி ஹிந்தி கலந்திருக்கும்.

அவளைக் கையைப் பிடித்துப் பின்பக்கத்து மனைக்கு இழுத்துப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. எருமை போட்டு ஆறாத சாணம் ஒன்றைக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும் முன் மறுபடி கூட்டிப் போனேன். சாணம் இருந்தது. ஓட்டைகள் இருந்தன. சுற்றி மண் குவியல் இருந்தது. ஒரு குச்சியால் கிளறியபோது கறுப்பு வண்டு ஒன்று அவசரமாக உள்ளே இறங்கியது.

"அரே, போகவே இல்லை," என்றாள்.

"போகாது. நாலைந்து நாள் ஆகும். வெயில் காலமா இருந்தா இதுகூட நடக்காது."

"அப்ப யாரும்மா அந்த மாதிரி எழுதினாங்க?"

"நான்தான்."

அவள் முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். விரல் தடம், கூடை, வலை, சிரிப்பு, போர்டு, புதுக் கம்பி. எதையும் விடவில்லை.

அவளாகவே அந்த வரியை அடித்துவிட்டு, மழையில் வண்டு மண்ணுக்குள் கொண்டுபோகிறது, வெயிலில் ஒரு பெண் அடுப்புக்கு எடுத்துப் போகிறாள் என்று எழுதினாள். இரண்டுக்கும் படம் போட்டாள். வண்டைவிடப் பெண் பெரிதாக வந்துவிட்டாள், தலையில் கூடை. படத்துக்கெல்லாம் பெயர் எழுத வேண்டுமாம். வண்டின் பெயர் கேட்டாள். லத்தீன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

"இந்த ஆன்ட்டி பேரு?"

"தெரியாது."

"கேக்கலையா?"

"கேக்கலை."

படத்துக்குக் கீழே பெயருக்காகப் போட்டிருந்த கோட்டை அவள் காலியாக விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ப்ராஜெக்ட் திரும்பி வந்தது. வண்டின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். திருத்தி எழுதிய வரி முழுவதும் அடிக்கப்பட்டு, புத்தகத்தில் உள்ளபடி எழுதவும் என்று குறிப்பு. கூடைக்காரியின் மேல் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கோடு. பக்கத்தில், தலைப்புக்குச் சம்பந்தமில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் மகள், அழுகையை அடக்கிக்கொண்டு.

 நாளைக்கே பள்ளிக்கு வந்து டீச்சரிடம் இரண்டில் ஒன்று கேட்கிறேன் என்று சார்ட்டைச் சுருட்டினேன். சுருட்டும்போது அந்தச் சிவப்புக் கோடு மறுபடி கண்ணில் பட்டது. வானவடியில் புதுக் கம்பி கட்டியபோது வாயைத் திறக்காதவள், இங்கே போய் என்ன கேட்பது? சார்ட்டை அலமாரியின் மேல் வைத்துவிட்டு, அவளைச் சாப்பிட வரச் சொன்னேன்.